எக்ஸ்பிஆர்எல்: கணக்கோடு வந்த அகராதி

1998-ல் அமெரிக்காவின் டகோமா நகர ஆடிட்டர் சார்லஸ் ஹாஃப்மன், நிறுவனக் கணக்குகளை எக்ஸ்எம்எல்லில் எழுத முடியுமா என்று பார்க்க ஆரம்பித்தார். அப்படிப் பிறந்ததுதான் எக்ஸ்பிஆர்எல். லாபம், கடன், ரொக்க இருப்பு என ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டருக்குப் புரியும் ஒரு பெயர். அந்தப் பெயர்ப் பட்டியல்தான் டாக்சானமி.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு பெயரோடும் மனிதர் படிக்கும் தலைப்பும் விளக்கமும் வைக்க இடம் விட்டிருக்கிறார்கள், எத்தனை மொழியில் வேண்டுமானாலும்! விதி மாறினால் பட்டியலைத் திருத்தினால் போதும். கையேட்டை சாஃப்ட்வேரே அதிலிருந்து தயாரித்துவிடும்.

2009-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் பெரிய நிறுவனங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. 2011-ல் இந்தியாவிலும் வந்தது. ஆனால் அமெரிக்காவில் ஒரே கணக்கை இரண்டாகக் கொடுத்தார்கள்: படிக்க ஒன்று, மெஷினுக்கு ஒன்று. இரண்டிலும் எண் ஒன்றுதானா? யார் சரிபார்ப்பது? 2018-ல் ஆணையம் கொண்டுவந்த இன்லைன் விதி இரண்டையும் ஒரே பக்கமாக்கியது. எண்ணைக் கிளிக் செய்தால் விளக்கம் அங்கேயே திறக்கும்.