மூன்று குரலில் எழுந்த இசை

கவிஞனுக்கு யாப்பு எத்தகையதோ, இசையமைப்போனுக்கு வாத்தியமும் அத்தகையதே. அது கட்டுப்படுத்தவும் செய்யும், கைகொடுக்கவும் செய்யும். ஏழு சீர்களுள் பெரும் பொருளை அடக்கிய குறளைப் போற்றும் தமிழருக்கு இவ்வுண்மை புதியதன்று. வீடியோ விளையாட்டுகளுக்கு இசையமைத்து உலகப் புகழ் பெற்ற யப்பானியக் கலைஞர் கோஜி கொண்டோவின் தொழில் வாழ்க்கை இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

1961ஆம் ஆண்டு நகோயா நகரிற் பிறந்த கொண்டோ, இளமையிலேயே மின்னோகன் வாசிக்கப் பயின்றார். ஒசாக்கா கலைப் பல்கலைக்கழகத்திற் கல்வி கற்றபின், 1984இல் கியோத்தோவிலுள்ள நின்டென்டோ நிறுவனத்திற் சேர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் அந்நிறுவனம் ‘ஃபமிக்கொம்’ என்னும் வீட்டு விளையாட்டுக் கருவியை வெளியிட்டிருந்தது.

அக்கருவி எழுப்பக்கூடிய ஒலி மிகச் சொற்பம். ஐந்தே ஒலிவழிகள் அதற்கு உண்டு. அவற்றுள் இன்னிசைக்கு ஏற்றவை மூன்று. இரண்டு மெட்டையும் அதன் துணைக்குரலையும் தாங்கும். மூன்றாவது கீழ்க்குரலாக நிற்கும். நான்காவது வழி வெறும் இரைச்சல். அதனையே தாளவாத்தியமாகக் கொள்ள வேண்டும். ஐந்தாவது, பதிவு செய்த சிற்றொலிகளை மாத்திரம் ஒலிக்கவல்லது. போதாக்குறைக்கு, விளையாட்டின் வீரன் குதிக்கும்போது எழும் ஓசையும் இவ்வழிகளில் ஒன்றையே கடன்கொள்ளும். அக்கணம் இசையின் ஒரு குரல் மௌனமாகிவிடும்.

இத்தனை வறுமையிலிருந்து 1985ஆம் ஆண்டு ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் இசை பிறந்தது. கொண்டோ முதலில் அமைத்த மெட்டொன்று கைவிடப்பட்டது. அது வீரனின் ஓட்டத்தோடும் துள்ளலோடும் இசையவில்லை என்பதே காரணம். விளையாடுவோரின் கையசைவுக்குத் தாளம் ஒத்திருத்தல் வேண்டும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே நிலத்தில் ஓடும்போது துள்ளுநடையும், நீருள் நீந்தும்போது மூன்றடித் தாளத்து ‘வோல்ட்ஸ்’ நடையும் அமைந்தன. நேரம் முடியும் தறுவாயில் அதே மெட்டு விரைந்தொலித்து எச்சரிக்கும்.

நாடக மேடையில் ஒரு பாடல் ஒருமுறை ஒலித்து ஓயும். இங்கோ அதே சிறு மெட்டு, தோற்றுத் தோற்று மீண்டும் தொடங்கும் சிறுவனின் செவியில் நூறுமுறை விழும். அப்போதும் அது சலிக்கலாகாது. இக்கலையின் உண்மையான சோதனை இதுவேயாம்.

1986இல் வெளிவந்த ‘செல்டா’ விளையாட்டு வேறொரு சோதனையைக் கொணர்ந்தது. அதன் தொடக்கத்திற்கு, பிரெஞ்சு இசைமேதை ராவெல் இயற்றிய ‘பொலேரோ’வைப் பயன்படுத்தக் கொண்டோ எண்ணியிருந்தார். ராவெல் 1937இல் மறைந்தவர்; எனினும் அவ்விசையின் பதிப்புரிமை அப்போது காலாவதியாகவில்லை. வேலை முடியும் வேளையில் இச்செய்தி தெரியவரவே, ஓரிரவில் புதிய இசையொன்றை அவர் இயற்ற நேர்ந்தது. இன்று செல்டாவின் அடையாளமாக விளங்குவது அவ்விசையே. கடன் வாங்க இயலாமற்போனதே ஆக்கத்திற்கு வழிவகுத்தது எனலாம்.

கருவிகள் வளர வளரக் கட்டுகள் தளர்ந்தன. 1990இல் வந்த ‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’ விளையாட்டில், வீரன் தன் வாகனமான விலங்கின்மீது ஏறியதும் இசையோடு முழவொலியும் சேர்ந்துகொள்ளும். 2007இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ கலக்சி’க்கோ முழு வாத்தியக் குழுவே இசைத்தது. எனினும், வசதி பெருகியபின்னும் கொண்டோ சிக்கனத்தைக் கைவிட்டாரல்லர். 1998இல் வந்த செல்டா விளையாட்டில், விளையாடுவோர் தாமே ஒரு குழலை வாசிக்க வேண்டும். அதற்கென அளிக்கப்பட்டவை ஐந்தே சுவரங்கள். அவ்வைந்தினுள்ளே மனத்தில் நிற்கும் மெட்டுகள் பலவற்றை அவர் அமைத்துக் காட்டினார்.

விளையாட்டுப் பொருளின் ஓசையென ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட இவ்விசைக்கு உரிய மதிப்பு மெல்லவே வந்தது. 2023ஆம் ஆண்டு, காக்கத்தக்க ஒலிப்பதிவுகளுக்கென அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பேணிவரும் தேசியப் பதிவேட்டில் மாரியோவின் இசை இடம்பெற்றது. வீடியோ விளையாட்டு இசையொன்று அப்பதிவேட்டில் ஏறியது அதுவே முதன்முறை. பிறந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து அச்சிறு மெட்டுக்குக் கிட்டிய சிறப்பு இது. செல்வம் மிகுந்த வாத்தியங்கள் எத்தனையோ மறக்கப்பட்டிருக்க, மூன்று எளிய குரல்கள் நிலைத்துநின்றன.