ஓசூர் ஆலைகளில் தலைமை முறை: ஃபோர்மேன் காலத்திலிருந்து விடுதிக் காலம் வரை

ஓசூரின் தொழில் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நிலத்தையும் முதலீட்டையும் சலுகைகளையுமே பேசுகிறார்கள். 1971இல் தமிழக அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் நிறுவப்பட்டதும், பெங்களூரு நாற்பது கிலோமீட்டருக்குள் இருப்பதும் முக்கியமான காரணங்களே. ஆனால் ஆலைக்குள் மேற்பார்வையாளர் தம் ஆட்களை எப்படி நடத்தினார், அது ஏன் மாறியது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. மேலாண்மைப் பாடப் புத்தகங்களைவிட, கேட்டுக்குள் வந்த ஆட்களே அந்த மாற்றத்தை உண்டாக்கினார்கள் என்பது இக்கட்டுரையின் துணிபு.

1980இல் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை வந்தது. டி.வி.எஸ். 50 மொபெட் அதே ஆண்டில் இங்கிருந்துதான் வெளிவந்தது. அன்றைய தருமபுரி மாவட்டம் மானாவாரி விவசாயத்தை நம்பிய பகுதி. ஷிப்டு, சைரன், உற்பத்தி இலக்கு எல்லாமே அதற்குப் புதியவை. ஃபோர்மேன் சொன்னதைச் செய்வது என்ற முறை அந்தத் தொடக்கத்துக்குப் பொருந்தியது. தொழில் கைவந்த பிறகும் அதே முறை நீடித்தால் உரசல்தான் மிஞ்சும். 1990-ஐ ஒட்டிய தொழிலாளர் பிரச்சினையில் டி.வி.எஸ். சுசுகி ஆலை சில மாதங்கள் மூடிக்கிடந்தது.

கைக்கடிகார நிறுவனமான டைட்டன் வேறு வழியில் தொடங்கியது. 1984இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாக உருவாக்கிய நிறுவனம் அது. கைக்கடிகாரம் செய்ய நுண்மையான விரல்களும் பொறுமையும் வேண்டும், முன்னனுபவம் அவசியமில்லை. அதன் முதல் நிர்வாக இயக்குநர் ஜெர்க்ஸிஸ் தேசாயின் குழு பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தது. பதினேழு, பதினெட்டு வயதில் முதல்முறையாக வீட்டை விட்டு வந்தவர்கள் அவர்கள். வீடுகள் அமர்த்தி, பெற்றோர் ஸ்தானத்தில் தம்பதியரை வைத்து அவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். தொழில் கற்பிப்பதும் சாப்பிட்டாயா என்று விசாரிப்பதும் ஒரே நிர்வாகத்தின் பொறுப்பாயின.

இதை வெறும் தந்தைமை அதிகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் பால் ஹெர்சியும் கென் பிளாஞ்சர்டும் 1969இல், பணியாளரின் பக்குவத்துக்கேற்பத் தலைமை மாற வேண்டும் என்று எழுதினார்கள். பாட்னாவின் உளவியலாளர் ஜெய் பி.பி. சின்ஹா 1980இல் வெளியிட்ட நூலில் இந்தியச் சூழலுக்கு இன்னும் நெருங்கிய விளக்கம் தந்தார். இங்கே பணியாளர் மேலாளரிடம் தனிப்பட்ட பற்றுதலை எதிர்பார்க்கிறார். ஆகவே நல்ல மேலாளர் அக்கறை காட்டுகிறார், அதற்கு ஈடாக உழைப்பைக் கேட்கிறார். பணியாளர் தேறத் தேற, முடிவெடுப்பதில் அவருக்கும் பங்கு தருகிறார். சின்ஹாவை மேற்கோள் காட்டும் பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். அவர் கோட்பாட்டின் உயிர் இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. பேணுதல் அங்கே ஒரு கட்டம் மட்டுமே.

அந்த இரண்டாம் பாதிக்கும் ஓசூரிலேயே சான்றுண்டு. மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையோடு உருவான ‘மெடோ’வில், சுயஉதவிக் குழுப் பெண்கள் டைட்டனுக்குக் கடிகாரப் பட்டைகளைக் கோத்துத் தரத் தொடங்கி, பின்னர் மெடோவின் பங்குதாரர்களானார்கள். டி.வி.எஸ். மோட்டாரும் (முன்னாள் டி.வி.எஸ். சுசுகி) கசப்பான அந்த மூடலுக்குப் பின் முழுமைத் தர மேலாண்மையைக் கைக்கொண்டது. அந்த முறையில் குறையைக் கண்டுபிடிப்பதும் யோசனை சொல்வதும் லைனில் நிற்பவரின் வேலையாகின்றன. 2002இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் விருது அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது.

2004இல் ஓசூரை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2020-க்குப் பின் வந்த தொழிலாளர் அலை மிகப் பெரியது. போச்சம்பள்ளி அருகே 10,000 பெண்களைக் கொண்டே ஆலையை நடத்தப்போவதாக ஓலா எலெக்ட்ரிக் 2021இல் அறிவித்தது. ஓசூர் அருகே ஐபோன் தயாரிப்பில் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளின் பழங்குடிப் பெண்கள் சுமார் 6,000 பேர் பயிற்சி பெற்றிருப்பதாக 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசிப் பழகிய ஓசூர் சூப்பர்வைசர் இப்போது இந்தியிலும் வேலை சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பெண்களுக்கு விடுதி, பேருந்து, உணவு எல்லாம் உண்டு. டைட்டன் தொடக்கத்தில் செய்ததன் பெருவடிவம் போலவே இது தோன்றும். பெரிய வேறுபாடு காலத்தில் இருக்கிறது. டைட்டன் பிள்ளைகள் அங்கேயே நிலைத்து வளர்ந்தார்கள். இன்று டிரெயினியாகவும் ஒப்பந்தத்திலும் வருபவர், தேர்ச்சி பெறும் வேளையில் வெளியேறுகிறார். அவரிடத்தில் இன்னொரு புதியவர் வந்து நிற்கிறார். சூப்பர்வைசர் என்றென்றைக்கும் முதல் கட்டத்திலேயே நிற்கிறார். கட்டளையும் கண்காணிப்பும் விடுதிவரை தொடர்கின்றன. மேற்பார்வையாளருக்கு எத்தனை தலைமைப் பயிற்சி கொடுத்தாலும் இந்த நிலை மாறாது.

ஆகவே இவ்வட்டாரத்து ஆலைகள் இரண்டைச் செய்ய வேண்டும். எத்தனை டிரெயினிகள் நிரந்தரப் பணிக்கு வந்தார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். விடுதி நிர்வாகத்திலும் லைன் கூட்டத்திலும் ஓராண்டு கடந்த பெண்களுக்கு வாக்குள்ள இடம் தர வேண்டும். தொழிலாளர் துறை இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.