ராஜரத்தினம் பிள்ளை இசைத்தட்டுகள்: இரட்டிப்பில்லாமல் சேகரித்தல்

நாதஸ்வரச் சக்கரவர்த்தி எனப்பட்ட திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) வாசிப்பு, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டுகளில் முதலில் வெளிவந்தது. அதே வாசிப்புப் பின்னர் எல்பியாகவும் கசெற்றாகவும் சீடியாகவும் பலமுறை உறை மாறியது. ஆகவே அவருடைய பதிவுகளைத் தேடி வாங்குபவர் பெரும்பாலும் ஏற்கெனவே தம்மிடம் இருப்பதையே மறுபடி வாங்கிவிடுகிறார். யாழ்ப்பாணத் தீவகத்தவருக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். ஒரு குடும்பத்தின் சேகரிப்பு ஊர்காவற்றுறை வீட்டிலும் கொழும்புக் கடையிலும் பாரிஸ், ரொறன்ரோ அடுக்குமாடிகளிலுமாகச் சிதறிக் கிடப்பதால், எது எங்கே இருக்கிறது என்பதை யாரும் முழுதாக அறிந்திருப்பதில்லை.

ராஜரத்தினம் பிள்ளை திருமருகலில் பிறந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவானாக விளங்கினார். வாய்ப்பாட்டிலும் தேர்ச்சி உண்டு. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ (1940) படத்தில் நடித்தும் பாடியும் இருக்கிறார். எனவே அவர் பெயர் போட்ட தட்டு எல்லாம் நாதஸ்வரத் தட்டு அல்ல. விற்பவர் தரும் பட்டியலில் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால், நாயனம் கேட்க உட்கார்ந்தவர் பாட்டுக் கேட்க நேரும். அவருடைய தட்டுகளுள் ஈடு இணையில்லாமல் பேசப்படுவது கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட தோடி ஆலாபனை. இரட்டிப்பாக வாங்கப்படுவதும் அதுதான்.

தீவகத்துக்கு வந்த வழி

தஞ்சை நாட்டு மேளக்காரர் யாழ்ப்பாணத்துக் கோயில்களுக்கு வந்து வாசிப்பதும், மாதக்கணக்கில் தங்குவதும் நெடுங்கால வழக்கம். தனுஷ்கோடியையும் தலைமன்னாரையும் இணைத்த கப்பல் சேவை 1914இல் தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை வித்துவான்களுக்கும் அவர்களுடைய தட்டுகளுக்கும் அதுவே வழி. ராஜரத்தினம் பிள்ளையும் ஈழத்துக்கு வந்து வாசித்திருக்கிறார். தீவகத்தில் மேளத்துக்குக் குறைவில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் ஆனித் திருவிழாவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போகும் கூட்டத்தில், சாமியை விட மேளத்துக்காகப் போகிறவர்களும் இருந்தார்கள். கச்சேரி ஓர் இரவோடு போய்விடும். தட்டுத்தான் மிஞ்சும். மின்சாரம் எட்டாத நெடுந்தீவு வீட்டிலும் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் ஒன்று இருந்தால் போதும்.

வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பகுதிகளிலிருந்து தென்னிலங்கை சென்று கடை வைத்தவர்கள் பலர். நகரத்துப் பொருள்கள் தீவுக்கு வந்த பாதை அது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் தட்டு இசையை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. 1990இல் தீவகத்தில் நடந்த படை நடவடிக்கையின்போது மக்கள் கையில் அகப்பட்டதோடு கிளம்பினார்கள். பாரமானதும், விழுந்தால் உடைவதுமான அரக்குத் தட்டை அப்போது எவர் தூக்கிக்கொண்டு ஓடுவார்? இன்று தீவகக் குடும்பங்களிடம் உள்ளவற்றில் பெரும்பங்கு பின்னர் வெளியூரில் திரும்ப வாங்கியவை. பழைய பட்டியல் கையில் இல்லாமல், நினைவை மட்டும் நம்பி வாங்கினால் இரட்டிப்பு வருவது இயல்பு.

எண்ணும் பக்கமும்

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும். பன்னிரண்டு அங்குலம் என்றால் நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். இரவு முழுதும் ஒரே இராகத்தை விரித்தவர் என்று பேர் வாங்கிய கலைஞர் அதை இரண்டு பக்கத்துக்குள் சுருக்க வேண்டியிருந்தது. அந்தச் சுருக்கத்திலும் தோடி குறைப்படவில்லை என்பதே அந்தத் தட்டின் பெருமை.

சேகரிப்பவர் கவனிக்க வேண்டிய எண்கள் இரண்டு. முதலாவது லேபிளில் பெரிதாக அச்சிட்ட விற்பனை எண். கொலம்பியாவின் இந்தியத் தட்டுகளில் இது ‘ஜிஇ’ என்ற எழுத்துகளோடும், எச்எம்வியில் ‘என்’ என்ற எழுத்தோடும் தொடங்கும் வரிசைகள் பரவலாகக் கிடைக்கின்றன. இது வியாபாரத்துக்கான எண். தட்டின் இரு பக்கத்துக்கும் பொது. மற்றது, வரிப்பள்ளம் முடிந்து லேபிள் தொடங்கும் இடைவெளியில், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும்படி பொறித்திருக்கும் அச்சு எண். பதிவுக்கூடத்தில் அந்தப் பக்கத்தின் மூல மெழுகுக்கு இட்ட எண் இதுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி. விற்பனை எண் மாறினாலும், லேபிளின் நிறம் மாறினாலும், அச்சு எண் ஒன்றாக இருந்தால் வாசிப்பும் ஒன்றே. அதே உருப்படியை அதே நாளில் இரண்டாம் முறை பதிந்திருந்தால், எண்ணுக்குப் பின்னால் வரும் சிறு இலக்கமோ குறியோ அதைக் காட்டும். அப்போது அது இரட்டிப்பு அல்ல, வேறு வாசிப்பு.

இதிலிருந்து கிடைக்கும் முதல் நடைமுறை, பட்டியலைத் தட்டு வாரியாக எழுதாமல் பக்க வாரியாக எழுதுவது. நிறுவனங்கள் நன்றாக விலைபோன பக்கத்தை வேறொரு பக்கத்தோடு சேர்த்து மறுபடி வெளியிடுவது உண்டு. அப்படிப்பட்ட தட்டு பாதி பழசு, பாதி புதுசு. தட்டு வாரியான பட்டியலில் இந்தப் பாதி தெரியாது. அந்தத் தட்டைத் தவறவிட்டாலும் நட்டம், புதிதென்று நம்பி முழு விலை கொடுத்தாலும் நட்டம்.

லேபிளில் உள்ள நிறுவனப் பெயரை வைத்து ‘வேறு கொம்பனி, ஆகவே வேறு பதிவு’ என்று முடிவுகட்டுவதும் ஆபத்து. கொலம்பியாவும் கிராமபோன் கம்பெனியும் 1931இல் ஈஎம்ஐ என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியனுக்கும் பின்னர் கொலம்பியாவுக்கும் முகவராக இருந்தது. ஏ. வி. மெய்யப்பன் பங்காளியாகத் தொழில் தொடங்கிய இடம் அது. மூலப்பதிவுகள் ஒரே கைக்குள் வந்துவிட்டால் எந்தப் பெயரிலும் வெளிவரலாம். கல்கத்தாவின் டம் டம் ஆலையில் அச்சான தட்டுகளுக்கு வாரிசாக இன்று இருப்பது 2000ஆம் ஆண்டில் சரிகம என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம்.

காது சொல்வது

எல்பியிலும் கசெற்றிலும் சீடியிலும் அச்சு எண் போடமாட்டார்கள். ‘தோடி’, ‘கல்யாணி’ என்று இராகப் பெயரோடு நின்றுவிடும். இங்கே காதுதான் துணை.

நேரத்தை முதலில் அளக்க வேண்டும். ஆறேகால், ஆறரை நிமிடம் ஓடும் ஆலாபனை பத்து அங்குலத் தட்டின் இரு பக்கத்தை ஒட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் ஒரு சஞ்சாரம் சட்டென்று நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்குவது கேட்டால் ஐயம் தீர்ந்தது. பதினைந்து நிமிடம் தொடர்ந்து ஓடினால் அது தட்டிலிருந்து வந்திருக்க முடியாது. வானொலிப் பதிவோ கச்சேரிப் பதிவோ ஆகும்.

அடுத்தது சுருதி. பழைய திமிரி நாயனம் நாலு கட்டையும் அதற்கு மேலும் ஒலிப்பது. நீளம் கூடிய, சுருதி இறங்கிய பாரி நாயனத்தை நிலைநாட்டியவர்களில் ராஜரத்தினம் பிள்ளை முதன்மையானவர். நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதைச் செய்து கொடுத்தார். பாரியின் சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டை அளவில் நிற்கும். ஆகவே உச்சச் சுருதியில் ஒலிக்கும் பதிவு முற்காலத்தது, தாழ்ந்தது பிற்காலத்தது என்று ஒரு முதல் ஊகம் செய்யலாம். ஊகம் என்றதற்குக் காரணம் உண்டு. தட்டு ஓடும் வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்தாலே சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை இறங்கிவிடும். சாவி தளர்ந்த கிராமபோனிலிருந்து கசெற்றுக்கு மாற்றியவர் ஒருவர், வேகம் கூடிய டெக்கில் மாற்றியவர் இன்னொருவர் என்றால், ஒரே வாசிப்பு இரண்டு சுருதியில் வந்து நின்று இரண்டு பதிவு போல ஏமாற்றும். சுருதி மாறும்போது நேரமும் அதே விகிதத்தில் மாறியிருக்கிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்படும்.

இதை விட உறுதியான சான்று, விந்தையாக, இசையில் இல்லை, இரைச்சலில் இருக்கிறது. அரக்குத் தட்டின் கீறல் ஒவ்வொன்றும் ஒரு இடத்தில் ‘டக்’ என்று கேட்கும். இரண்டு சீடிகளில் அந்த ‘டக்’ ஒரே சஞ்சாரத்தின் மேல் ஒரே இடைவெளியில் விழுந்தால், இரண்டும் ஒரே பிரதியிலிருந்து எடுத்தவை. வாசிப்பு ஒன்றாகவும் கீறல் வேறாகவும் இருந்தால், ஒரே பதிவின் வேறு பிரதி. இரைச்சல் நீக்கிய வெளியீடுகளில் இந்தச் சான்றையும் துடைத்துவிடுகிறார்கள். அதோடு சீவாளியின் அதிர்வும் கொஞ்சம் போய்விடுவதால், அவை வாங்கத் தகுந்தவை என்று சொல்ல மனம் வரவில்லை.

ஆள் மாறாட்டமும் உண்டு. காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், உடன் வாசித்தவர். ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தால் இசை அறியாதவர்களையும் எட்டியவர். குருவின் பாணி சீடரிடம் அவ்வளவு படிந்திருந்ததால், பெயர் எழுதாத கசெற்றில் ஒருவர் மற்றவராகிப் போவது எளிது.

ஜாஸ் உலகில்

மேல்நாட்டு ஜாஸ் சேகரிப்பாளர்களுக்கும் இதே தலைவலிதான். பியானோ கலைஞர் டேவ் புரூபெக் 1958இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தவர். சென்னையில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். புரூபெக்கின் முதல் மூவர் குழுப் பதிவுகள் 1949இல் கொரோனெட் என்ற சிறு நிறுவனத்துக்காக எடுக்கப்பட்டவை. சான் பிரான்சிஸ்கோவில் ஃபேன்டசி நிறுவனத்தை நடத்திய வைஸ் சகோதரர் அவற்றை வாங்கி வெளியிட்டனர். 78 சுற்றுத் தட்டு, பத்து அங்குல எல்பி, பன்னிரண்டு அங்குல எல்பி என்று அதே உருப்படிகள் வடிவம் மாறின. மூவர் குழுவின் 24 பதிவுகளையும் ஒன்றாகத் திரட்டிய வெளியீடு ஒன்று வந்த பிறகு, வாசிப்பை மட்டும் வேண்டுபவருக்கு மற்றவை தேவையில்லாமல் போயின. எதிர்ப்பக்கப் பொறியும் உண்டு: ‘லாரா’ என்ற மெட்டு 1949 மூவர் பதிவிலும் இருக்கிறது, 1953இல் பசிபிக் கல்லூரிக் கச்சேரியிலும் இருக்கிறது. பெயரைப் பார்த்து இரட்டிப்பு என்று ஒதுக்கியவர், கச்சேரிப் பதிவில் உடன் வாசித்த பால் டெஸ்மண்டின் சாக்சபோனை இழந்திருப்பார். தோடி என்ற பெயரைக் கண்டதும் ‘இருக்கிறதே’ என்று திரும்புகிறவருக்கும் இதுதான் நேரும்.

கசெற்றுகள்

ஈழத்தில் இன்னும் சிக்கலானது தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தியின் (1933–1975) பதிவுகள். இணுவிலில் தவில் பரம்பரையில் பிறந்து, அளவெட்டியில் வாழ்ந்து, தமிழ்நாட்டு நாதஸ்வர வித்துவான்களோடும் வாசித்தவர். அம்ஷன் குமார் இவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்திருக்கிறார். இவருடைய வாசிப்பு பெரிதும் கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் பிடித்த நாடாக்களாகவே கைமாறியது. அவற்றுக்கு அச்சு எண் ஏது? கசெற்றின் ஒரு பக்கம் முடியும் இடத்தில் தவிலின் தனி ஆவர்த்தனம் அறுபட, அடுத்துப் படியெடுத்தவர் பாதியை வேறு கசெற்றில் போட, ஒரே கச்சேரி மூன்று பெயரில் உலவும். யார் நாயனம், என்ன இராகம், தனிக்கு முன் எந்தக் கீர்த்தனை, வெளியே வெடி கேட்கிறதா, மணி அடிக்கிறதா என்று எழுதி வைத்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. இங்கே இரட்டிப்பு வீண் அல்ல. அறுபட்ட துண்டுகளை ஒட்டி முழுக் கச்சேரியை மீட்க அது வேண்டும்.

பேணலும் உரிமையும்

அரக்குத் தட்டிலும் இரண்டாம் பிரதியை உடனே விலக்கிவிடக் கூடாது. இரும்பு ஊசியால் தேய்ந்த வரி சாம்பல் நிறமாக வெளுத்திருக்கும். தோடி போல வீட்டார் விரும்பிப் போட்ட தட்டே அதிகம் தேய்ந்திருக்கும். ஒரு பிரதியில் முதல் பக்கம் நன்றாகவும், மற்றதில் இரண்டாம் பக்கம் நன்றாகவும் இருப்பது சாதாரணம். அந்த நிலையில் இரண்டும் வேண்டும். வாங்கும் முன் பட்டியலில் ‘நிலை’ என்று ஒரு கட்டம் இருந்தால் இது புலப்படும்.

தட்டுகளை நிமிர்த்தி அடுக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ் படுக்கையாக வைத்தால் வளையும். கழுவும்போது மென்மையான சவர்க்கார நீர் போதும். லேபிள் நனையக் கூடாது. ஸ்பிரிட் ஒரு சொட்டும் ஆகாது. அரக்கு அதில் கரையும், இசையும் அதோடு போகும். எல்பி ஊசியால் 78 சுற்றுத் தட்டை ஓட்டினால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசிதான் கேட்கும். அதற்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமான ஊசி தேவை.

தகவல் ஒப்பிட விரும்புவோருக்கு மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தின் வெளியீடுகளும், தொடக்ககால இந்தியப் பதிவுகளை எண் வாரியாகத் தொகுத்த மைக்கேல் கின்னியரின் நூல்களும் பயன்படும். ஈழத்து ஆவணங்களைப் பொறுத்தவரை, 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் அச்சு நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் எண்ணிமப்படுத்தி வருகிறது.

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் பதிப்புரிமை வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டப்படி தயாரிப்பாளருக்கு 50 ஆண்டு. ராஜரத்தினம் பிள்ளை உயிரோடு இருந்த காலத்தில் வெளியான தட்டுகள் இரு நாட்டிலும் அந்த எல்லையைக் கடந்துவிட்டன. எனவே ஒருவரிடம் உள்ள பக்கத்தை மற்றவர் விலைக்குத் தேட வேண்டியதில்லை. அச்சு எண்ணைக் குறித்து எண்ணிமப் படியை மாற்றிக்கொள்ளலாம். காசைப் பட்டியலில் இல்லாத பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.