வெள்ளி ஆணி அடித்த கப்பல்

திருகோணமலையின் பெயரைத் தாங்கிய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் இன்றும் மிதக்கிறது. எச்.எம்.எஸ். டிரிங்கோமாலி என்பது பெயர். பிறந்த இடமோ பம்பாய். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் ‘விக்டரி’ கப்பல் இதைவிட 52 ஆண்டு மூத்தது என்றாலும், அது உலர்துறையில் நிற்கிறது. மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மூத்தது இதுதான்.

கட்டுமானம் தொடங்குமுன்பே தடங்கல். வரைபடங்களோடு வந்த ‘ஜாவா’ கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கடலோரம் அமெரிக்கர்கள் மடக்கிவிட்டார்கள். இன்னொரு படி வந்துசேர்ந்தபின், 1816இல் பார்சித் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா வேலையைத் தொடங்கினார். ஏராக்கட்டையில் பார்சி மரபுப்படி வெள்ளி ஆணி ஒன்றை அறைந்தார்கள். 1817 அக்டோபர் 12இல் கப்பல் நீரில் இறங்கியது.

உடம்பு முழுக்க மலபார்த் தேக்கு. ஓக் மரத்தின் துவர்ப்பு அமிலம் தன்னுள் இறங்கிய இரும்பாணியை அரிக்கும். ஆணி துருப்பிடித்தால் சுற்றியுள்ள மரமும் இற்றுப்போகும். தேக்கில் ஊறியிருக்கும் எண்ணெயோ ஆணியைக் காக்கும். இக்கப்பலின் ஆயுள் ரகசியத்தில் பாதி இதுதான்.

மறுபாதி, வேலையில்லாமல் கிடந்தது! 1819இல் போர்ட்ஸ்மவுத் சேர்ந்தபோது நெப்போலியன் போர்கள் முடிந்திருந்தன. 46 பீரங்கிக் கப்பலைக் கால் நூற்றாண்டு சும்மா கட்டிப்போட்டார்கள். 1840களில் பீரங்கிகளைக் குறைத்து, பின்புறத்தை மாற்றி, 1847இல் வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்களுக்கும், 1852 முதல் 1857 வரை பசிபிக்கிற்கும் அனுப்பினார்கள். பெரிய கடற்போர் எதிலும் அது பெயரெடுக்கவில்லை. வீரச்செயல் தேடுவோர் ஏமாறலாம். எனக்கு அதுவே இதன் சுவை. உடையாமல் தப்பியதற்குப் போர்க்களத்தைக் காணாததும் ஒரு காரணம்.

பிறகு பயிற்சிக் கப்பல். 1897இல் உடைப்பவருக்கு விலைபோன அதை, ஜார்ஜ் வீட்லி காப் என்பவர் வாங்கி மீட்டார். அவருடைய ‘ஃபுட்ராயன்ட்’ கப்பல் அதே ஆண்டு பிளாக்பூல் கரையில் புயலில் மோதி அழிந்திருந்தது. அதன் பெயரையே இதற்கும் சூட்டினார். அந்த இரவல் பெயரோடு 1986 வரை இளைஞர்களுக்குக் கடலோட்டம் கற்பித்தது. 1987இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டு, செப்பனிடும் பணி 2001இல் நிறைவடைந்தது. இடையில் 1992இல், ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின், பழைய பெயர் திரும்பியது.