ஈர்ப்பா, வளைவா?

மேலே எறிந்த கல் நிலத்தில் வந்து விழுகின்றது. ஏன் என்று வினவினால், பூமி ஈர்க்கின்றது என விடை பகர்ந்தார் நியூட்டன். ஆயின், இடையே கயிறொன்றும் இன்றி ஒரு பொருள் மற்றொன்றை எங்ஙனம் இழுக்கும்? இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நின்ற இவ்வினாவுக்கு 1915 நவம்பரில் பெர்லின் நகரில் விடை கண்டார் ஐன்ஸ்டீன்.

இயற்பியல் கற்கப் புகும் மாணவர்க்கு அவ்விடையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மங்களூரிலிருந்து ஒருவரும் சென்னையிலிருந்து ஒருவரும் நேர் வடக்கே நடக்கின்றனர் எனக் கொள்வோம். புறப்படுங்கால் இடைவெளி ஏறத்தாழ 590 கிலோமீட்டர். இருவரும் வலமோ இடமோ திரும்பவில்லை. எனினும், தில்லியின் அட்சரேகையை எட்டும்போது இடைவெளி ஏறத்தாழ 530 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். வடதுருவம் வரை செல்ல இயலுமாயின் இருவரும் ஓரிடத்தில் கூடுவர். அவர்களை இழுத்தார் எவருமிலர். நிலத்தின் வளைவே அவர்களை நெருங்கச் செய்தது.

ஐன்ஸ்டீன் கண்டதும் இத்தகையதே. நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றனோடு காலமும் சேர்ந்ததே கால-வெளி. பொருளின் நிறை அதனை வளைக்கின்றது. அவ்வளைவில் இயன்றவரை நேராகச் செல்லும் பொருள்களைக் கண்டே நாம் 'ஈர்ப்பு' என்கின்றோம்.

கருத்து அழகியதாயினும் சான்று வேண்டுமன்றோ? சூரியனின் விளிம்பை ஒட்டி வரும் விண்மீன் ஒளி 1.75 விகலை விலகவேண்டும் என்பது ஐன்ஸ்டீன் கணக்கு. நியூட்டன் வழிக் கணக்கில் அதிற் பாதியே. ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கே விகலை. 1919 மே 29-இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது ஆப்பிரிக்காவின் மேற்கே பிரின்சிபித் தீவில் எடிங்டன் குழுவினரும், பிரேசில் நாட்டுச் சோப்ராலில் மற்றொரு குழுவினரும் விண்மீன்களைப் படம் பிடித்தனர். பிரின்சிபி தந்த அளவு 1.61; சோப்ரால் தந்தது 1.98. சோப்ராலில் இரண்டாம் தொலைநோக்கி எடுத்த படங்கள் தெளிவிழந்தமையின் கொள்ளப்படவில்லை. நவம்பர் 6-இல் இலண்டனில் முடிவு அறிவிக்கப்பட்டது.

அக்காலத்தில் கல்கத்தாவில் ஆசிரியப் பணியாற்றிய இளைஞர் இருவர், மேகநாத சாகாவும் சத்யேந்திரநாத் போசும், ஐன்ஸ்டீன், மின்கௌஸ்கி ஆகியோரின் செருமானியக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். மகலனோபிசின் முன்னுரையுடன் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920-இல் அந்நூலை வெளியிட்டது. இருவர்க்கும் அப்போது முப்பது வயதும் நிரம்பவில்லை. எட்டாத் தொலைவில் இருந்த அறிவை மாணவர் கைக்கு எட்டச் செய்தனர்.

அதே கல்கத்தாவில் வாழ்ந்த அமல் குமார் இராய்சவுத்ரி 1955-இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். கால-வெளியில் அருகருகே செல்லும் பாதைகள் எங்ஙனம் குவிகின்றன என்பதை அது கூறுகின்றது. நம் வழிப்போக்கர் இருவரும் நெருங்கிய கதையின் விரிவே அஃது எனலாம். பென்ரோசும் ஹாக்கிங்கும் பின்னர் நிறுவிய தேற்றங்களுக்கு அதுவே அடிப்படையாயிற்று.

அரிய கருத்தைப் பயில்வோர் அறிந்த மொழியில் வழங்குவது சிறுபணியன்று. அயலிடத்தில் வளரும் நம் சிறார்க்கு இவற்றைத் தமிழில் எடுத்துரைப்பதும் நம் சங்கங்களின் கடன் என்போம்.