சேறு அப்பிய பைக் வீல்... கழுவும்போது பிரேக்கை மறந்துடாதீங்க!

முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் ஊர், தேனி மாவட்டத்தின் மார்க்கையன்கோட்டை. நடவு நேரத்தில் வயல் பக்கம் போய்வந்தாலே பைக் வீலில் சேறு அப்பிக்கொள்ளும். `காஞ்சா தானா உதிர்ந்துடும்' என விட்டுடாதீங்க. சேற்றிலுள்ள மணல், டிஸ்க்கையும் பிரேக் பேடையும் அரிக்கும். குமுளியோ, போடிமெட்டோ... மலை இறங்கும்போது உங்களைக் காப்பது பிரேக்தான்!

* வண்டியை நிறுத்தியதும் கழுவாதீங்க. டிஸ்க் சூடாக இருக்கும்; ஆறட்டும்.

* முதலில் தண்ணீர் ஊற்றிச் சேற்றை ஊறவிடுங்கள். பிறகு, ஷாம்பு கலந்த நீரில் துணியை நனைத்து ரிம்மைத் துடையுங்கள். ஸ்போக் இடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ் போதும்.

* பளபளப்புக்காக டீசல், மண்ணெண்ணெய் வேண்டாம். டிஸ்க்கில் எண்ணெய்ப் பசை பட்டால் பிரேக் வழுக்கும். டயர் பாலிஷையும் தரையில் படும் பகுதியில் தடவாதீங்க.

* பிரஷர் வாட்டரை வீல் பேரிங்கில் நேராக அடித்தால், உள்ளே தண்ணீர் புகுந்து கிரீஸ் கெடும்.

* செயினைத் துடைக்கும்போது இன்ஜின் ஆஃபில், கியர் நியூட்ரலில் இருக்கணும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, வீலைக் கையால் சுற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டுத் துடைத்தால், துணியோடு விரலும் சிக்கிக்கொள்ளும்.

* காய்ந்ததும், செயினின் உட்பக்கம் லூப் அடியுங்கள். டயரிலும் டிஸ்க்கிலும் படக் கூடாது.

கழுவி முடித்ததும் வேகமெடுக்காதீங்க. ஈரமான பிரேக், குறிப்பாக டிரம் பிரேக், சரியாகப் பிடிக்காது. ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். பிடிச்சா, கிளம்பலாம்!