அழிவினின்று மீண்ட லிபரேட்டர் விமானங்கள்

ஒரு பொறியை ஆக்குதற்குப் பல திங்கள் வேண்டும். அதனை அழித்தற்கோ ஒரு நாழிகை போதும். அழிக்கப்பட்டதை மீண்டும் ஆக்குதல் இவ்விரண்டினும் அரிய செயலாகும். இரண்டாம் உலக மகாயுத்தக் காலத்தில் இலங்கைக் கடலைக் காத்து நின்ற லிபரேட்டர் என்னும் குண்டு விமானத்தின் பிற்கால வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் இறப்பர் யப்பானியர் கைப்பட்டதும் நேசநாடுகளுக்கு இலங்கை இறப்பர் இன்றியமையாததாயிற்று. ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலையும் புகைவண்டியேறிக் கொழும்புத் துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து பிரித்தானியாவுக்குக் கப்பலேறியது. மலைச்சரிவிற் கொழுந்து பறித்த தொழிலாளிக்கு யுத்தம் எங்கோ தொலைவில் நடந்ததாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும் அவள் பறித்த கொழுந்து நீர்மூழ்கிக் கப்பல்கள் உலாவிய கடலைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஏப்ரில் 5ஆந் திகதி கொழும்பும், 9ஆந் திகதி திருகோணமலையும் யப்பானிய விமானங்களாற் தாக்கப்பட்டன. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமைப்பீடமே மலைநாட்டின் வாயிலாகிய பேராதனைக்கு வந்து சேர்ந்தது.

இக்கடற்காவலில் ஈடுபட்ட படைகளுள் பிரித்தானிய வான்படையின் 160ஆம் அணியும் ஒன்று. 1943 முதல் இரத்மலானை, சீகிரியா, காங்கேசன்துறை, மின்னேரியா ஆகிய தளங்களிலிருந்து அதன் லிபரேட்டர்கள் பறந்தன. அமெரிக்காவிற் செய்யப்பட்ட இவ்விமானத்துக்கு எஞ்சின்கள் நான்கு. ஒவ்வொன்றும் 14 சிலிண்டர்களும் 1,200 குதிரை வலுவும் உடையது. நெடுந்தூரம் பறத்தலே இதன் தனிச்சிறப்பு. 1945 மார்ச்சில் மின்னேரியாவினின்று எழுந்து, சிங்கப்பூர்க் கடலிற் கண்ணிவெடிகளை இட்டுத் திரும்பிய விமானங்கள் ஏறத்தாழ 20 மணித்தியாலம் வானிலே நின்றன.

யுத்தம் முடிந்தது, விமானங்களின் பயனும் முடிந்தது. கடன்-குத்தகை உடன்படிக்கையின்படி பெறப்பட்ட இவற்றை அமெரிக்காவுக்கு மீட்டளித்தல் அல்லது அழித்துவிடுதல் வேண்டும். கடல் கடந்து கொண்டு செல்வதினும் அழித்தலே எளிதாயிற்று. இந்தியாவிலிருந்த லிபரேட்டர்கள் கான்பூரிலே திரட்டப்பட்டு, மீண்டும் பறவாதவாறு வேண்டுமென்றே சிதைக்கப்பட்டன. வெயிலும் மழையும் எஞ்சியதைப் பார்த்துக்கொண்டன.

1947இல் விடுதலை பெற்ற இந்தியாவின் வான்படைக்குக் கனரகக் குண்டு விமானங்கள் தேவைப்பட்டன. புதியன வாங்குதல் எளிதன்று. அந்நிலையிற் பெங்களூரிலிருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் கான்பூர்க் குவியலை ஆராயச் சென்றனர். 1940இல் வால்சந்த் ஹிராசந்த் என்னும் தொழிலதிபர் மைசூர் அரசின் துணையோடு நிறுவிய அத்தொழிற்சாலை, யுத்தகாலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்க்கும் நிலையமாக விளங்கியது. பிறர் யுத்தத்துக்காகக் கற்ற தொழிலே இப்பொழுது சொந்த நாட்டுக்கு உதவியது. ஓர் உடலின் சிறகையும் மற்றோர் உடலின் சக்கரத்தையும் வேறொன்றின் கருவியையும் பொருத்தி, ஒரேயொரு பயணத்துக்குத் தாங்குமளவுக்கு விமானங்கள் செப்பனிடப்பட்டன. ஜம்ஷெட் முன்ஷி என்னும் விமானி அவற்றைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். முன்னர் அவர் லிபரேட்டர் ஓட்டிப் பழகியவரல்லர். பெங்களூரில் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டவற்றைக் கொண்டு 1948 நவம்பரில் இந்திய வான்படையின் 5ஆம் அணி அமைந்தது. இவ்வாறு மீண்டவை ஏறத்தாழ 40 விமானங்கள். 1968 இறுதிவரை அவை தொண்டாற்றின. முன்ஷியின் பெயர் வரலாற்றில் நின்றது. தறையாணி அடித்தவர், உருளையைத் துலக்கியவர் பெயர்களிற் பெரும்பாலன நிற்கவில்லை.

பிற நாடுகளில் லிபரேட்டர்கள் பெரும்பாலும் உருக்கப்பட்டும் உடைக்கப்பட்டும் அருகிவிட்டமையால், ஓய்வு பெற்ற இந்திய விமானங்களை நூதனசாலைகள் நாடின. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் சில பறந்தே சென்றன. இந்தியாவிற் பல்லாண்டு கைவிடப்பட்டுக் கிடந்த ஒன்றை 1981இல் ஆங்கிலேயர் ஒருவர் வாங்கினார்; 1984இல் அது அமெரிக்காவின் கொலிங்ஸ் நிறுவகத்தின் கைக்கு மாறியது. முதலிற் காட்சிப் பொருளாக மட்டும் வைக்கக் கருதினர். பின்னர்ப் பறக்கவைக்கத் துணிந்தனர். தேர்ந்த தொழில்வல்லாரோடு ஊதியம் கருதாத தொண்டர்களும் ஆயிரக்கணக்கான மணித்தியாலம் உழைத்தனர். 1989இல் அது மீண்டும் வானேறியது.

இத்தகைய பணியிற் பெருமிதத்தினும் பொறுமையே மிகுதியாக வேண்டப்படும். துருவேறிய ஆணிகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுத்தல் வேண்டும். அரிப்புற்ற தகடுகளை மாற்றுதல் வேண்டும். எஞ்சினை இயக்குமுன் விசிறியைக் கையாற் பலமுறை சுற்றுதல் வேண்டும். வட்டமாக அமைந்த சிலிண்டர்களுள் அடியிலுள்ளவற்றில் எண்ணெய் வடிந்து தேங்கும். அதனை அறியாது முடுக்கினால் எண்ணெய் அமுங்காது; எஞ்சினின் உறுப்பே முறியும். இச்சிறு அறிவைத் தந்தவர் பெரும்பாலும் அன்று அப்பொறிகளோடு பழகிய முதியோரே.

ஆர்வம் ஒன்றே போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆந் திகதி அதே நிறுவகத்தின் பி-17 குண்டு விமானம், வலப்புற எஞ்சின்கள் வலுவிழந்தமையால், கனெக்ரிகற் மாநிலத்தில் வீழ்ந்து எழுவர் மாண்டனர். பராமரிப்பிற் குறைகள் இருந்தமை விசாரணையில் வெளிப்பட்டது. 2020இல் பயணிகளை ஏற்றிப் பறத்தற்கான அனுமதியை அரசு மீட்டுக்கொண்டது. பழைய பொறியை நேசித்தல் ஒன்று. அதன் ஒவ்வோர் உறுப்பையும் நாடோறும் ஐயுற்று ஆராய்தல் வேறொன்று. இரண்டாவது இல்லாவிடத்து முதலாவது உயிர்க்கே இடராய் முடியும்.

மலைநாட்டுக்கும் இவ்வரலாறு கூறுவது ஒன்றுண்டு. கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானையில், கைவிடப்பட்டுக் கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று புதுப்பிக்கப்பட்டு, 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பல தோட்டங்களிலிருந்து வந்த எஞ்சின்களும் கொழுந்தரைக்கும் உருளைகளும் அங்கே பேணப்படுகின்றன. அவற்றைச் செய்த அயல்நாட்டுக் கம்பனிகளின் பெயர்கள் இரும்பிலே வார்க்கப்பட்டுள்ளன. அவற்றை இரவும் பகலும் இயக்கிய தோட்டத் தொழிலாளரின் பெயர்களோ எவ்விரும்பிலும் இல்லை. கான்பூரிற் சிதைந்த பொறிகளை மீட்டது பெங்களூர்த் தொழிலாளர் கைகளில் இருந்த அறிவேயாகும். அத்தகைய கையறிவு உடையோர் தோட்டங்களில் இன்னும் வாழ்கின்றனர். அவர் சொல்வதைக் கேட்டு, அவர் பெயரோடு எழுதிவைத்தல் கற்றோர் கடன். பொறி துருப்பிடித்தால் மாற்றுத் தகடு கிடைக்கும். அதனை அறிந்தவர் மறைந்தபின் அவ்வறிவுக்கு மாற்றில்லை.